சல்லிசு விலைக் கப்பலும் குலுக்குகிற கடலும்: நம்ம ஊர்க்காரர்கள் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிள்ளை சியாட்டில் பக்கமோ வான்கூவர் பக்கமோ வேலையில் இருக்கிறது, அப்பா அம்மா அவ்வப்போது ஆறு மாசம் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். அப்படிப் போன இடத்தில் செப்டம்பர் வாக்கில் மகன் ஒரு டிக்கெட்டைக் காட்டுவான்: வான்கூவரில் ஏறி லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குகிற பெரிய சொகுசுக் கப்பல், நாலைந்து ராத்திரி, சாப்பாடும் தங்கலும் சேர்ந்து அங்கே ஒரு சுமாரான ஓட்டல் ரூம் வாடகைக்குப் பக்கத்தில் வருகிற விலை. உடனே சரி என்று சொல்ல வேண்டாம், மாட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். விலை ஏன் இப்படி இறங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு, மிச்சமாகிற காசில் கொஞ்சத்தை மட்டும் சரியான ரூமுக்குப் போட்டால் தாராளமாகப் போய்வரலாம். விலையை மட்டும் பார்த்து ஏறினால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அலாஸ்காவில் கப்பல் சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடும். குளிர் வந்த பிறகு அங்கே கப்பலுக்கு வேலை இல்லை, அதே கப்பல் மெக்சிகோ பக்கமோ பனாமா கால்வாய் வழியாகக் கரீபியன் பக்கமோ போய்ச் சம்பாதிக்க வேண்டும். காலியாகப் போனாலும் எண்ணெய்ச் செலவும் ஆள் சம்பளமும் அப்படியேதான் ஆகும் என்பதால் வந்தவரைக்கும் லாபம் என்று ஒருவழி டிக்கெட்டாக விற்றுவிடுகிறார்கள். 'ரீபொசிஷனிங் க்ரூஸ்' என்றோ 'பசிபிக் கோஸ்டல்' என்றோ போட்டிருக்கும். கோஸ்டல் என்கிறார்களே, கரையைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி நேரம் நாலு பக்கமும் தண்ணீர்தான். அலாஸ்கா பயணம் பெரும்பாலும் தீவுகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போகும், அலை அவ்வளவாகத் தெரியாது. இது முழுப் பசிபிக்கும் பக்கவாட்டில் திறந்து கிடக்கிற வழி.

விசாவை முதலில் பாருங்கள், பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். 1886-லிருந்து இருக்கிற ஒரு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னொன்றில் சும்மா இறக்கிவிட முடியாது. இந்தப் பெரிய கப்பல்களில் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா என்று ஏதோ ஒரு கொடியில் ஓடுபவை. அதனால்தான் பிள்ளை சியாட்டிலில் இருந்தாலும் நீங்கள் எல்லை தாண்டி வான்கூவர் போய் ஏற வேண்டியிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும், அமெரிக்க விசாவைக் காட்டினால் விடமாட்டார்கள். மகனிடம் கிரீன் கார்டு இருந்தால் அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, உங்களுக்கு உண்டு. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கனடா விசாவையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது மாசமும் திசையும். அந்தக் கரையில் வசந்தத்திலும் கோடையிலும் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து அடிக்கும். செப்டம்பர் கடைசியில் தெற்கு நோக்கிப் போகிற கப்பலுக்குக் காற்றும் அலையும் பெரும்பாலும் முதுகுப் பக்கம் வரும், பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் முன்முகம் மோதி மோதி எழும்பாது. ஏப்ரல், மே மாசம் வடக்கே திரும்புகிற பயணம் இன்னும் விலை குறைவாகக்கூடக் கிடைக்கலாம், ஆனால் அது அலையை எதிர்த்துப் போகிற பயணம். அக்டோபர் நடுவுக்கு மேல் அலாஸ்கா வளைகுடாவிலிருந்து புயல்கள் இறங்க ஆரம்பிக்கும், அப்போது தெற்கிலிருந்தும் காற்று சுழன்று அடிக்கும், முதுகுப் பக்கக் கணக்கெல்லாம் செல்லாது. ஆகவே முதல் தடவை போகிறவர்கள் செப்டம்பரிலேயே தெற்கே போகிற கப்பலைப் பிடியுங்கள். வழியில் ஒரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில் நிற்கிற கப்பலாக இருந்தால் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரும் கடல் அலையும் முட்டிக்கொள்கிற அந்த இடத்துக்குப் பசிபிக்கின் சுடுகாடு என்றே பேர், அதற்கென்று தனி பைலட்டுகள் கப்பலில் ஏறி ஓட்டிக் கொடுக்கிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, அந்த நேரத்தில் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடக்காமல் இருந்தால் போதும்.

அலை எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்க்காதீர்கள். வானிலை ஆப்பில் அலை உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவிலுள்ள நேரம் அது. மூன்று மீட்டர் அலை 14 விநாடிக்கு ஒன்று வந்தால் கப்பல் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், பலருக்குத் தூக்கம்தான் வரும். அதைவிடச் சின்ன அலையே ஏழு விநாடிக்கு ஒன்று வந்தால் குடலைப் பிரட்டிவிடும். காற்றே இல்லாத நாளில் உவரியிலும் கூத்தங்குழியிலும் திடீரென்று கடல் ஏறுவதைக் கள்ளக்கடல் என்று சொல்லி எச்சரிக்கை வருகிறதே, அது எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் நீண்ட அலைதான். பசிபிக்கிலும் அதே கதை: மேலே வானம் பளிச்சென்று இருக்கும், கீழே கப்பல் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது அந்தச் சரியான ரூம் எது என்று பார்ப்போம். மிகக் குறைந்த விலையில் இருப்பது பெரும்பாலும் 'கேரண்டி' டிக்கெட், ரூம் எங்கே என்று அவர்களே கடைசியில் ஒதுக்குவார்கள், அது முன்மூக்கிலோ உச்சி மாடியிலோ வந்து விழ நல்ல வாய்ப்பு உண்டு. அது வேண்டாம். கொஞ்சம் கூடக் கொடுத்து கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்துக்கு நட்டநடுவில் ஒரு ரூமை நம்பர் சொல்லி வாங்குங்கள். மாஞ்சோலை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து மணிமுத்தாறிலிருந்து மேலே போனவர்களுக்கு விளக்கமே தேவையில்லை, நடு சீட்காரன் சிரித்துக்கொண்டு வருவான், கடைசி சீட்காரன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருப்பான். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கிறது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை ஒன்றும் செய்யாது. மேல்மாடி பால்கனி ரூமுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஆசைப்படட்டும். ஜன்னல் ரூம் என்றால் தெற்கே போகும்போது கரை இடது பக்கம் வரும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

மாத்திரை விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, ரூமுக்குள் சுவரைப் பார்க்கிற கண் 'ஆடவில்லை' என்கிறது, இந்தச் சண்டையில்தான் தலைசுற்றி வாந்தி வருகிறது. வயிற்றுக் கோளாறு இல்லை. அதனால் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் வாந்தி என்றதும் எடுத்துக் கொடுக்கிற ஒன்டன்செட்ரான் மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. அவோமின் என்று கிடைக்கிற புரோமெத்தசின், சின்னரிசின், அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிற மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் ஆகியவைதான் இதற்கான மருந்துகள். கப்பல் ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் குறைவு, வாந்தி தொடங்கிவிட்டால் வயிறு மாத்திரையை ஒழுங்காக உறிஞ்சாது. முந்தின ராத்திரியோ, குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் முன்போ உள்ளே போயிருக்க வேண்டும். தூக்கம் வரும், வாய் வறளும். அதனால் வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள், வயசானவர்கள் கிறுகிறுத்து விழுவார்களா என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கோபோலமின் பட்டை ஒன்று உண்டு, அங்கே டாக்டர் சீட்டு வேண்டும். நாலு மணி நேரம் முன்பே ஒட்டினால் மூன்று நாள் தாங்கும். ஒட்டிய கையால் கண்ணைத் தேய்த்தால் பார்வை மங்கிவிடும், கையைக் கழுவுங்கள். கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கும், ப்ராஸ்டேட் வீங்கி சிறுநீர் போகச் சிரமப்படுகிற ஆண்களுக்கும் இந்த மருந்துகளில் பல ஆகாது. இரண்டும் நம்ம அப்பாக்கள் வயசில் சாதாரணம், ஆனால் கேட்காமல் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது என்பதை ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உவரியில் வள்ளத்தில் போகிற ஒரு அண்ணாச்சியிடம் இதைப் பற்றிக் கேட்டதற்கு, "ஏலே, வயித்தக் காயப் போடாத, கண்ணக் கீழ போடாத, அம்புட்டுதான்" என்றார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதில் பாதி இதற்குள் வந்துவிடுகிறது. வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. உப்பு பிஸ்கட், ரொட்டி, பச்சை ஆப்பிள், வெறும் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக. பச்சை ஆப்பிளைக் கப்பல்காரர்களே எடுத்து நீட்டுவார்கள். இஞ்சி மரப்பாவோ சுக்குப் பொடியோ பையில் இருக்கட்டும், லேசான குமட்டலுக்குக் கேட்கும். இருட்டுக்கடை அல்வா கொண்டு போனால் கடல் அமைதியாக இருக்கிற நாள் பார்த்துப் பிரியுங்கள், அந்த நெய் ஆடுகிற வயிற்றில் நிற்காது. வீட்டில் சமைத்த சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள், கடையில் சீல் போட்ட பாக்கெட் பரவாயில்லை. எலெக்ட்ரிக் கெட்டிலைத் தீ ஆபத்து என்று பெட்டி சோதனையிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள், சுடுதண்ணீர் பஃபேயில் எப்போதும் கிடைக்கும். சைவ இந்தியச் சாப்பாடு வேண்டும் என்றால் சில வாரம் முன்பே எழுதிச் சொல்லுங்கள்.

கடல் கெடப்போகிறது என்று கேப்டன் மைக்கில் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். லிஃப்ட் பக்கத்துக் கைப்பிடிகளில் வாந்திக்கான காகிதப் பைகளைச் சொருகி வைத்திருப்பார்கள், நீச்சல் குளத்தில் தண்ணீரை இறக்கி வலை கட்டியிருப்பார்கள், மேல்தளக் கதவுகளில் கயிறு கட்டியிருப்பார்கள். உடனே ரூமுக்குப் போய் மேஜை மேல் இருக்கிற கண்ணாடி, போன், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் தரைக்கோ டிராயருக்கோ மாற்றுங்கள். அலமாரிக்குள் வெறும் ஹேங்கர்கள் ஆடி ஆடி டிங் டிங் என்று ராத்திரி முழுக்க அடிக்கும், அவற்றை மொத்தமாக ஒரு துண்டில் சுற்றிக் கீழே போட்டால்தான் தூக்கம். கட்டிலில் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணையைச் செருகிக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில், ஆனால் கதவு நிலையில் விரலை வைக்காதீர்கள், கப்பல் கதவு கனம், ஆட்டத்தில் சாத்தினால் விரல் போய்விடும். பாத்ரூம் வாசலில் ஒரு படி உயரம் இருக்கும், வயசானவர்கள் தடுக்குவது அங்கேதான். அம்மாவுக்குச் சேலைதான் வசதி என்றால் சரி, ஆனால் ஈரத் தளத்தில் ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள்.

குமட்டல் வந்தால் ரூமில் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் இருப்பதிலேயே மோசம். நடுப்பகுதியில், கீழ்மாடியில், கண்ணாடி வழியாகக் கடலும் வானமும் சேருகிற கோடு தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். அதுவும் முடியவில்லை என்றால் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு ஹாலில் தட்டு வழுக்காமல் இருக்க மேஜை விரிப்பை லேசாக நனைத்து விரிக்கிற கப்பல்களும் உண்டு, அந்த ஈரத்தைப் பார்த்து யாரோ தண்ணீர் கொட்டிவிட்டார்கள் என்று சர்வரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் போனால் கப்பல் டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொள்ளலாம், பில் டாலரில் வரும். பயண இன்சூரன்ஸ் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள்.

காசுக் கணக்கில் இன்னும் சில. விளம்பர விலைக்கு மேல் துறைமுக வரி உண்டு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல் டிப்ஸ் என்று கணக்கில் ஏறும், வைஃபை தனி. போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், கப்பலின் செல் டவரில் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறும். சான்டா பார்பரா மாதிரி ஊர்களில் பெரிய கப்பல் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில்தான் கரைக்கு விடுவார்கள், அலை அதிகம் என்றால் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் துறைமுக வரிதான் திரும்பக் கிடைக்கும், வேறொன்றும் கேட்க முடியாது. ஆகவே பணம் திரும்பாத டூர் எதையும் வெளியில் புக் பண்ண வேண்டாம்.

அமெரிக்காவெல்லாம் எதற்கு என்கிறவர்களுக்கு இங்கேயும் வழி உண்டு. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிப்பதால் மும்பைப் பக்கம் ஓடுகிற கப்பல் சென்னைப் பக்கம் வந்துவிடுவதுண்டு. கார்டீலியா கம்பெனியின் எம்பிரஸ் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்தது இப்படித்தான். அப்படி இடம் மாறுகிற பயணத்துக்குக் கொச்சியில் ஏறுகிற டிக்கெட் கிடைத்தால் நம்மைப் போலத் தோதானவர்கள் யாரும் இல்லை: ராத்திரி திருநெல்வேலியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எர்ணாகுளம், சென்னையில் இறங்கினால் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ். ராமர் பாலம் பக்கம் ஆழம் இல்லாததால் கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போகும், 2005-இல் தொடங்கிய சேதுக் கால்வாய் வேலை நின்றே கிடக்கிறது. இங்கேயும் நிலமெல்லாம் இடது பக்கம்தான், முதலில் கேரளமும் குமரியும், அப்புறம் இலங்கை. மே மாசத் தொடக்கம் என்றால் ஓரளவு பரவாயில்லை, ஜூன் பிறந்தால் குமரிக்குத் தெற்கே மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தன் வேலையைக் காட்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி என்ன செய்தது என்று நம்ம கடற்கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாசங்களில் டிக்கெட் எவ்வளவு சல்லிசாக வந்தாலும் கடல் நிலவரம் சொல்கிற மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பார்க்காமல் பெட்டி கட்ட வேண்டாம்.

இறங்குகிற நாள் காலையிலேயே விமானமோ ரயிலோ போடாதீர்கள், கப்பல் தாமதமாகலாம், இறங்குகிற வரிசையும் நீளம். கரைக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தரை ஆடுகிற மாதிரி இருக்கும், குளிக்கும்போது கண்ணை மூடினால் நன்றாகத் தெரியும். தானாகப் போய்விடும், அதற்குத் தனியாக மாத்திரை வேண்டாம். வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.