அவியாத கடலையும் கிணற்றுத் தண்ணீரும்

அம்மாவுக்கு நார்ச்சத்துள்ள சாப்பாடு வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் கடலை (கொண்டைக்கடலை), கௌபி, குரக்கன் பிட்டு என்று தொடங்கினேன். பிட்டு சரியாக வந்தது. கடலைதான் ஒரு கிழமை படுத்திவிட்டது. இரவு முழுக்க ஊறப்போட்டு எட்டு விசில் விட்டாலும், தோல் கழன்று உள்ளே கல் மாதிரியே இருந்தது.

பழைய கடலை என்று நினைத்து வேறு கடையில் புதுப் பக்கெட் வாங்கினேன். அதுவும் அப்படியே. குக்கர் வாசரையும் மாற்றினேன், வீண் செலவு.

அப்புறம் உவர்மலையில் அக்கா வீட்டில் அதே பக்கெட் கடலை நான்கு விசிலில் மசிந்தது. அவர்கள் பாவிப்பது குழாய்த் தண்ணீர், நாங்கள் கிணற்றுத் தண்ணீர். எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படை விரல் நகத்தால் சுரண்டும் அளவுக்கு இருக்கும். அந்தச் சுண்ணாம்பில் உள்ள கல்சியம், கடலையின் செல்களை ஒட்டிப் பிடிக்கும் பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது.

இப்போது ஊறப்போடவும் அவிக்கவும் குழாய்த் தண்ணீர்தான். ஊறவைப்பதற்கு மட்டும் மாற்றினால் போதாது. குழாயில் தண்ணீர் வராத நாளில் கிணற்றுத் தண்ணீரிலேயே, ஒரு கப் கடலைக்கு கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு நன்றாகக் கழுவி அவிக்கிறேன். சோடா கூடினால் சவர்க்கார வாசம் வரும், பி1 விற்றமினும் குறையும். புளி, தேசிக்காய் எல்லாம் அவிந்த பிறகுதான்.

நேற்று செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளித்தேன். அம்மா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.