அரேயாவைக் கேட்கத் தொடங்குவது எப்படி

இத்தாலியின் அரேயா ராக் இசைக்குழுவுக்குப் புதியவர்களிடம் நான் முதலில் நீட்டுவது 1975இல் வந்த ‘கிராக்!’ ஆல்பத்தைத்தான். ‘ஜோயா எ ரிவொலுத்சியோனே’ என்ற பாட்டு சட்டென்று மனதில் ஒட்டும். அவர்களுடைய இடதுசாரிச் சார்பும் அதிலேயே விளங்கிவிடும்.

அடுத்து 1973இன் முதல் ஆல்பம், ‘ஆர்பைட் மாக்ட் ஃப்ரை’. நாஜி முகாம்களின் வாயிலில் பொறித்திருந்த வாசகமே தலைப்பு. முதல் பாட்டைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். வாத்தியம் ஏதுமில்லாமல் ஒரு பெண் அரபியில் பேசுகிறாள். பிறகு குழுவின் பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸின் குரல் எழும்புகிறது, பின்னாலேயே பால்கன் நாட்டார் இசையின் சாயலில் மெட்டு பாய்கிறது. எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிறந்த கிரேக்கர் அவர். வார்த்தை புரியாவிட்டால் பரவாயில்லை, இரண்டாம் முறை அந்தக் குரலை மட்டும் பின்தொடருங்கள்; அதை ஒரு வாத்தியமாகவே கையாண்டவர். 1979இல் மறைந்தார், வயது 34தான். இன்றும் மனது ஆறவில்லை எனக்கு.

மேடையில் எப்படி இருந்தார்கள் என்பதற்கு ‘அரேயாத்சியோனே’ என்ற நேரடி நிகழ்ச்சி ஆல்பம். ‘மலெதெத்தி’ (1976) அதற்கப்புறம்.

1974இன் ‘காஷன் ரேடியேஷன் ஏரியா’வைக் கடைசிக்கு வையுங்கள். இருப்பதிலேயே கரடுமுரடானது அதுதான். முடிவில் வரும் ‘லோபோடோமியா’ முழுக்க மின்னணு இரைச்சல், ஹெட்ஃபோனில் கேட்டால் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.