திருச்சி – பலாலி: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு தூரம் என்று மேப்பில் வழி கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது, நடுவில் பாக் நீரிணை கிடக்கிறதே. ஆனால் வானத்தில் போகிற தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கால்குலேட்டர் போதும்.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்துக்கு மாறி, ஓடுபாதையின் நடுவில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். ஊர் பெயரைத் தேடி எடுக்காதீர்கள்: யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியின் ஓடுபாதைக்கும் யாழ் நகரத்துக்கும் நடுவிலேயே சுமார் 15 கிலோமீட்டர் இருக்கிறது, இவ்வளவு சின்னப் பயணத்தில் அது பெரிய பிசகு.

திருச்சி: 10.77, 78.71
பலாலி: 9.79, 80.07

இப்போது கழித்தல். அட்சரேகை வித்தியாசம் 0.98. ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர், ஆக தெற்கு நோக்கி 109 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 1.36, அதையும் 111ஆல் பெருக்கினால் 151. இங்கேதான் கவனம் வேண்டும், தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வருவதால் இந்த 151ஐ அப்படியே எடுக்கக் கூடாது, இரண்டு அட்சரேகைகளின் சராசரிக்கு (10.28) காஸ் மதிப்பை (கால்குலேட்டரில் cos பொத்தான்) பார்த்து அதனால் பெருக்க வேண்டும். காஸ் 10.28 என்பது 0.984, கிழக்கு நோக்கி 149 வருகிறது. கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருந்தால் கன்னாபின்னாவென்று ஏதோ வரும், டிகிரிக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான். 109ஐயும் 149ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 184 கிலோமீட்டர் சொச்சம். மேப்பில் இதே கோட்டை இழுத்துப் பாருங்கள்: பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில் கரையைத் தாண்டுகிறது, அதற்குப் பிறகு, மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதித் தூரம், வெறும் கடல்.

சரி, நேரம். இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம், மேலே போய்ச் சீராகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம். 184ஐ 500ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 22 நிமிடம். இதை நம்பி யாரையும் கூட்டிப்போக வரச் சொல்லாதீர்கள்! மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதையின் திசைக்கு வளைந்து வர வேண்டும், அதற்கு ஒரு 15 நிமிடம் சேருங்கள். தரையில் ஊர்ந்து போவதற்கு இன்னொரு 10, 15. ஆக 50 நிமிடம் பக்கம். டிக்கெட்டில் போடுவது விமானம் நிறுத்தத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரையுள்ள நேரம், தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியே போடுவார்கள். காற்றைப் பற்றிக் கேட்பீர்கள். இவ்வளவு குறைந்த தூரத்தில் அது ஓரிரு நிமிடத்துக்கு மேல் மாற்றாது. இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேர வித்தியாசத் தலைவலியும் இல்லை.

டெல்லி, துபாய் மாதிரி நீண்ட தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி பிசகும், அங்கே பூமியின் உருண்டை வடிவத்தையும் கணக்கில் எடுக்கிற ஹாவர்சைன் சூத்திரம் வேண்டும். தூத்துக்குடி (8.72, 78.03) – சென்னை (12.99, 80.17) வரை தாராளமாகப் போடலாம். விடை 525க்கும் 530க்கும் நடுவில் வந்தால் உங்கள் கணக்கு சரி.