பிளக்கில் எண்ணெய்: மரையிலா, முனையிலா?

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறும்போது என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இழுக்காமல் உதறியது. 1,80,000 கி.மீ. ஓடிய வண்டி. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றினால் முழுக்க எண்ணெய்.

"ரிங் போயிருச்சுண்ணே, இன்ஜின இறக்கணும்" என்றார் மெக்கானிக் தம்பி. எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் வளையத்தைத்தான் ரிங் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அடுத்த பிளக்கின் குழியில் தேங்கியிருந்த எண்ணெயைத் துணி விட்டு ஒற்றி எடுத்தபிறகே கழற்றினோம். இது முக்கியம், இல்லையென்றால் எண்ணெய் உள்ளே வழிந்து பொறி வரும் முனையையும் நனைத்து ஏமாற்றிவிடும். பிளக்கைத் திருகும் மரைக்கு மேலேயும் வெளிப் பீங்கானிலும்தான் எண்ணெய். முனை உலர்ந்து இளம்பழுப்பாக இருந்தது. ரிங்கோ வால்வு சீலோ போயிருந்தால் முனைதான் கருத்து நனைந்திருக்கும். கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) நாலு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட சமம். ஆக, எண்ணெய் மேலிருந்துதான் பிளக் குழிக்குள் கசிந்திருக்கிறது.

டேப்பட் கவர் (இன்ஜின் மேல்மூடி) பேக்கிங், பிளக் குழி சீல், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலில் எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர் எல்லாம் மாற்றினேன். உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டரையும் சுத்தம் செய்தேன். மறுநாள் பாலத்தில் உதறல் இல்லை.