நெடுந்தூரச் சவாரிக்குக் குதிரை பார்ப்பது எப்படி?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குச் சேலத்திலிருந்து குதிரை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது சுழி, அதாவது ராசி பார்க்கிற முடிச்சுழி. எண்டூரன்ஸ் என்கிற நெடுந்தூரச் சவாரிக்குச் சுழியால் ஒன்றும் ஆகாது. 40 கிலோமீட்டரில் தொடங்கி ஒரே நாளில் 160 கிலோமீட்டர் வரை போகிற சவாரி அது. காலும் மூச்சும் சரியாக இருந்தால்தான் ஊர் போய்ச் சேரலாம்.

முதலில் இனம். இதில் உலகம் முழுக்க முன்னால் நிற்பது அரபுக் குதிரை. ஒல்லி உடம்பு, மெல்லிய தோல். சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். விலைதான் கட்டுப்படியாகாது. அடுத்தது மார்வாரி, கத்தியவாரி. காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும், பார்த்ததும் தெரிந்துவிடும். ராஜஸ்தான், குஜராத் வெயிலில் வளர்ந்தவை, சேலத்துச் சித்திரை அவற்றுக்குப் புதிதல்ல. புதிதாக வாங்குகிறவர்களுக்கு மார்வாரியைத்தான் சொல்வேன்.

பந்தயத்திலிருந்து கழித்த தரோபிரெட் என்கிற பந்தய இனக் குதிரை மலிவாகக் கிடைக்கும். நானும் ஒன்று வாங்கினேன். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்; ஆறாவதிலேயே நுரை தள்ளி நின்றுவிட்டது. இறங்கி, கையில் பிடித்தே கூட்டி வந்தேன். அதன் மேல் தப்பில்லை, ஓரிரு நிமிட ஓட்டத்துக்குப் பழக்கிய உடம்பு.

அப்புறம் கால். குளம்பைத் தூக்கிப் பாருங்கள். வெடிப்போ அழுகல் வாடையோ இருந்தால் விட்டுவிடுங்கள். முன்னங்குளம்புகளில் ஒன்று சிறுத்திருந்தால் அந்தக் காலில் நெடுநாள் வலி இருந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தடவினால் சூடும் வீக்கமும் தட்டுப்படக் கூடாது. பிறகு தார் ரோட்டில் மெதுவாக ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். டக், டக், டக் என்று ஒரே தாளம் வர வேண்டும். நொண்டினால் தாளம் தப்பும், தலையும் மேலும் கீழும் ஆடும்.

கடைசியாக நாடி. இடது முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 15 விநாடி எண்ணி, 4ஆல் பெருக்குங்கள். ‘லப் டப்’ சேர்ந்துதான் ஒன்று. முதல் தடவை நான் தனித்தனியாக எண்ணிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரை இருக்கும். 20 நிமிடம் மேடேற்றி, 15 நிமிடம் நிழலில் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள். 64க்கு இறங்கியிருக்க வேண்டும். போட்டியில் மருத்துவர்கள் பார்ப்பதும் இதைத்தான். இறங்கவில்லையா, எவ்வளவு அழகுக் குதிரையாக இருந்தாலும் வேண்டாம்.

வயது 5க்குக் குறையக் கூடாது. நீங்களும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருங்கள். 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ.

வாங்கிய கையோடு ஏற்காடு மெயின் ரோட்டில் ஏற்றிவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டத்தில் மிரண்டுவிடும். முதல் மாதம் ஏற்காட்டுக்குப் போகிற இன்னொரு பாதையான குப்பனூர் வழியில், விடியற்காலையில், வெறும் நடைதான்.