ப்ரீகாஸ்ட் சுவர் ஜாயிண்ட் ஒழுகுகிறதா? இந்தத் தவறுகளைப் பாருங்கள்

முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து நிறுத்தும் கான்கிரீட் பேனல்தான் ப்ரீகாஸ்ட் சுவர். இரண்டு பேனலுக்கு நடுவே உள்ள இடைவெளி ஜாயிண்ட், அதை அடைக்கும் ரப்பர் மாதிரிப் பசை சீலன்ட். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ராணிப்பேட்டை, காட்பாடி பக்கமிருந்து வரும் போனெல்லாம் ஒரே மாதிரிதான்: "அண்ணே, இப்பதான் சீலன்ட் போட்டோம், மறுபடியும் ஒழுகுது." போய்ப் பார்த்தால், தொழில் பழகும்போது நாங்கள் செய்த அதே கூத்தைப் புதுப் பையன்களும் செய்திருப்பார்கள். ஈரத்தில் பூசாதே, தேதி முடிந்த டியூபை வாங்காதே என்பதெல்லாம் டியூபிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பேக்கர் ராட் இல்லாமல் சீலன்ட்டைத் திணிப்பது

பேக்கர் ராட் என்பது சீலன்ட் பூசும் முன் ஜாயிண்ட்டுக்குள் திணிக்கும் ஃபோம் கயிறு. சீலன்ட்டின் முதுகு எதிலும் ஒட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். அது இல்லாமல் பூசியதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. சிப்காட் பக்கம் ஒரு குடோன். மேற்குச் சுவர் ஜாயிண்ட்டுகளில் ராட் வாங்கும் காசை மிச்சம் பிடித்து, ஆழம் முழுக்க பாலியூரித்தேன் சீலன்ட்டை நிரப்பியிருந்தார்கள். "நிறையப் போட்டா ஸ்ட்ராங்கா நிக்கும்ல சார்" என்றார் சூப்பர்வைசர். கட்டரால் அறுத்து ஒரு துண்டை எடுத்தேன். கட்டைவிரல் தடிமன். முதுகுப் பக்கம், உள்ளே அடைத்திருந்த சிமெண்ட் கலவையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. முன்பக்கம் நட்டநடுவே நெடுக்கக் கிழிசல், அதற்குள் ஈர மண்.

கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மி.மீ. நீளும். 6 மீட்டர் பேனல், 30 டிகிரி ஏற்ற இறக்கம் என்றால் ஏறக்குறைய 2 மி.மீ. சித்திரை வெயிலுக்கும் மார்கழி விடியலுக்கும் நடுவே நம்மூர் மேற்குச் சுவருக்கு இது சர்வ சாதாரணம். சீலன்ட் இரண்டு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட்டுத் திரும்பும். முதுகும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லை. ஒன்று கிழியும், இல்லை ஓரம் விடும்.

20 மி.மீ. ஜாயிண்ட்டுக்கு 25 மி.மீ. ராட் வாங்குங்கள், இறுக்கமாக உட்கார வேண்டும். தண்ணீர் குடிக்காத பாலிஎத்திலீன் ஃபோம் ராடாக இருக்கட்டும். சீலன்ட் ஆழம் அகலத்தில் பாதி, அதாவது 10 மி.மீ. ராடை ஸ்க்ரூடிரைவரால் குத்தி இறக்காதீர்கள். தோல் கிழிந்தால் உள்ளிருக்கும் காற்று வந்து சீலன்ட்டில் கொப்புளம் கட்டும். ராடுக்கு ஆழமே இல்லாத இடத்தில், முதுகு ஒட்டாமலிருக்க அடியில் பாலிஎத்திலீன் டேப் ஒட்டினால் போதும்.

அந்தக் குடோனில் பூசிய செலவைவிட அறுத்தெடுத்த செலவு அதிகம். மறுபடி சாரம், மறுபடி கிரைண்டர், மறுபடி கூலி. ராட் என்ன பெரிய விலையா?

எண்ணெய் போகாத ஓரம்

பேனல் வார்க்கும்போது தடவிய மோல்டு ஆயில் ஓரத்தில் அப்படியே இருக்கும். துணியால் துடைத்தால் பரவத்தான் செய்யும். கிரைண்டரோ கம்பி பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்து, தூசியை ஊதி, அந்த சீலன்ட்டுக்கே உரிய பிரைமரை, அதாவது நன்றாக ஒட்டுவதற்கு முதலில் அடிக்கும் பூச்சை, அடியுங்கள்.

பழையதன் மேலேயே புதிது

ஒட்டாது. அதிலும் பழையது சிலிக்கான் என்றால் முழுக்கச் சுரண்டாமல் டியூபையே திறக்காதீர்கள்.

வெள்ளை சிமெண்ட்

ஜாயிண்ட்டை இதால் அடைக்கவே வேண்டாம்.

உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்

தண்ணீர் வருவது வெளியிலிருந்து.

சொட்டுகிற குழாயை அடைப்பது

சில கட்டடங்களில் ஜாயிண்ட் இரண்டு அடுக்கு: வெளியே ஒரு சீலன்ட், உள்ளே ஒன்று, நடுவில் காலி இடம். தப்பிப் புகுந்த தண்ணீர் இறங்கி வெளியேற அடியில் சின்னக் குழாய் வைத்திருப்பார்கள். மழை விட்ட பிறகு அதில் சொட்டுவதைப் பார்த்து, லீக் என்று நினைத்து சீலன்ட்டால் அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீர் உள்பக்கம்தான் வழி தேடும். அப்படி அடைத்திருந்தால் அடுத்த மழைக்குள் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள்.