கால்வாய்ச் சேற்றைக் கொண்டு கண்டல் நிலத்தை மீட்பது எப்படி?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பந்திங், கேரித் தீவு வட்டாரத்தின் தாழ்வான செம்பனைத் தோட்டங்களைக் கடலிடமிருந்து காப்பவை கரையோரப் பண்டும் (மண் அணை) அதில் பொருத்தப்பட்ட வாட்டர் கேட்டும் (மதகு)தான். கேட்டின் உட்புறம் கால்வாய் தூர்ந்தால் மழைக்காலத்தில் குடியிருப்புக்குள் தண்ணீர் ஏறும் என்பதால் தூர்வாருகிறோம். வாரிய சேற்றையோ கரையிலேயே குவித்துவிடுகிறோம். பண்டுக்கு வெளியே அரித்துப்போன கண்டல் (அலையாத்தி) நிலத்துக்கு வேண்டிய மண் அதுவே.

முதலில் சேற்றைச் சோதிக்க வேண்டும். கால்வாயின் மேல்பகுதியில் மணலும் குப்பையும் மிகுந்திருக்கும். கேட்டுக்கு அருகில் படியும் மென்களியே நமக்கு உதவும். பட்டறைகளும் கடைகளும் உள்ள டவுன் பக்கத்துக் கானிலிருந்து (வடிகாலிலிருந்து) வருவது என்றால், எண்ணெய், ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்கான ஆய்வக அறிக்கை வராமல் ஒரு வாளிகூட அள்ளக் கூடாது.

அதைவிட அதிகக் கவனம் கோருவது அமிலம். நீருக்கடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும் இக்கரையோரக் களிமண்ணில் பைரைட் என்னும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் பல இடங்களில் உண்டு. ஈரத்தில் இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. கரையில் குவித்துக் காயவிட்டால் காற்றுப்பட்டு அது கந்தக அமிலமாக மாறுகிறது. வெடிப்புகளில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரியத் தொடங்கும். அடுத்த மழையில் அந்த அமிலம் கால்வாய்க்கே இறங்கி மீனைக் கொல்லும். ஒரு பிடி மண்ணை ஈரமாக இருக்கும்போதே பிஎச் (குறையக் குறைய அமிலம் மிகும் அளவு) அளந்து, பின்பு சில வாரங்கள் நிழலில் ஈரப்பதத்துடன் காற்றோட்டமாக வைத்து மறுபடி அளந்தால், அளவு 4க்குக் கீழே சரிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சரிந்தால் அந்தச் சேற்றை எறியவேண்டிய அவசியமில்லை. உலரவிடாமல் வாரிய கையோடு அலை ஏறும் நிலத்தில் சேர்த்தால் போதும். லாரிக்காரர் காய்ந்தபின் ஏற்றுகிறேன் என்பார். எடையும் வாடகையும் குறையும் என்பது உண்மைதான், ஆனாலும் இணங்கக் கூடாது. கேட்டுக்கு அருகிலேயே நிரப்பும் இடம் இருக்குமானால் தொங்காங்கில் (சரக்குப் படகில்) ஏற்றியோ குழாய் வழியே இறைத்தோ அனுப்புவது மேல்.

அடுத்தது மட்டம். கண்டல் மரங்கள் சராசரிக் கடல் மட்டத்துக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் அலை எட்டும் மட்டத்துக்கும் இடையில்தான் வளரும். ஆகவே அருகில் செழிப்பாக நிற்கும் இயற்கைக் காட்டின் தரையைச் சர்வேயரைக் கொண்டு அளந்து, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், தாழ்ந்துபோன பழைய ஹாமில்டன் விமானத் தளத்தை ஓக்லாந்து துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது கிடைத்த மண்ணால் உயர்த்தி, 2014இல் கரையை உடைத்து அலையை உள்ளே விட்டார்கள். நிரப்பும் வேலை முடிந்த பிறகே நீர் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் களிமண் தன் எடையாலேயே அமுங்கும் என்பதால், அளவுக் கம்புகளை நட்டு, மெல்லிய அடுக்காகப் போட்டு, அமுங்கியபின் அடுத்த அடுக்கைப் போடுவதே சரி. அப்பி-அப்பி என்னும் கண்டல் மரங்கள் நிற்கும் இடத்தில் அவற்றின் மூச்சுவேர்கள் மூடிவிட்டால் மரம் செத்துவிடும். வேர்நுனிகள் சேற்றுக்கு மேலே தெரிய வேண்டும். பழைய ஓடைகளை ஒருபோதும் நிரப்பக் கூடாது. கடல் பக்கம் மூங்கில், சுள்ளி வேலி போட்டால், நீர் புகுந்து வெளியேறும், சேறு தங்கும்.

வடிகால் நீர்ப்பாசனத் துறை, சுற்றுச்சூழல் துறை, நில அலுவலகம், காப்புக்காடாக இருந்தால் வனத்துறை ஆகியவற்றின் எழுத்துப்பூர்வ அனுமதி எக்ஸ்கவேட்டர் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அருகில் கெராங் (சிப்பி வகை) வளர்ப்போர் இருந்தால் அவர்களிடமும் பேசியாக வேண்டும், ஏனெனில் கலங்கல் முதலில் போய்ச் சேருவது அவர்களுடைய படுகைக்குத்தான்.

நாற்று நடுவதற்கு அவசரம் வேண்டாம். மட்டம் சரியாக இருந்து, அருகில் தாய்மரங்களும் இருந்தால் அப்பி-அப்பி விதைகள் அலையோடு தாமாக வந்து முளைக்கும். ஓராண்டு கழித்தும் தரை வெறுமையாகக் கிடந்தால், நாற்று வாங்குவதற்கு முன் மட்டத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.